தன்மை, முன்னிலை, படர்க்கை: ஆங்கில நூல்களில் நம்மவர் நெஞ்சம்

அவுஸ்திரேலிய மண்ணில் வளரும் நம் பிள்ளைகள் எப்பாடத்தை விட்டாலும் ஆங்கிலத்தை விட இயலாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் உயர்தரப் பாடசாலைச் சான்றிதழுக்கும், விக்டோரிய மாநிலத்தின் கல்விச் சான்றிதழுக்கும் அது கட்டாயப் பாடமாகும். நாவலும் நாடகமும் கவிதையும் அப்பாடத்தில் அடங்கும். பெற்றோராகிய நாமோ அப்பாடத்தில் பிள்ளை பெற்ற புள்ளிகள் எத்தனை என்று கேட்கிறோமே அன்றி, அந்நூல்கள் எதைப் பேசுகின்றன என்று கேட்பது அரிது. ஆங்கில இலக்கியத்தில் தோய்ந்த பிள்ளை தமிழை விட்டு விலகிவிடும் என்ற அச்சமும் நம்மிற் பலரிடம் உண்டு.

இவ்வச்சத்தை ஒருபுறம் வைத்துவிட்டு ஓர் உண்மையை நோக்குவோம். கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்தோரும் அவர்தம் பிள்ளைகளும் ஆங்கிலத்தில் சிறந்த நூல்களை ஆக்கி வருகின்றனர். அவற்றுள் அம்மாவும் அப்பாவும் அம்மம்மாவும் நடமாடுகின்றனர். கொழும்பும் யாழ்ப்பாணமும் சிட்னியும் வருகின்றன. அந்நூல்கள் மூன்று வினாக்களை எழுப்புகின்றன. நான் யார்? ஆண் என்றோ பெண் என்றோ சொல்லி உலகம் என்னிடம் எதிர்பார்ப்பது என்ன? இவ்விரண்டுக்கும் இடையில் என் நெஞ்சு படும் பாட்டை யாரிடம் சொல்வேன்? திறனாய்வாளர் இவற்றை அடையாளம், பாலினம், அகப்போராட்டம் என்று பெயரிட்டு அழைப்பர்.

பெயர்கள் பெரியனவாக இருப்பினும் பொருள் நமக்குப் புதியதன்று. நம் தமிழ்ப் பாடசாலையில் கற்பிக்கப்படும் எளிய இலக்கணத்தைக் கொண்டே இதனை விளக்கலாம் என்பது என் துணிபு.

இலக்கணம் தரும் திறவுகோல்

ஊரிலே ஆசிரியராகக் கடமையாற்றிய காலத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்களையும் கரும்பலகையில் எழுதிப் பலமுறை கற்பித்திருக்கிறேன். பேசுபவன் தன்மை, கேட்பவன் முன்னிலை, பேசப்படுபவன் படர்க்கை. இவ்வகுப்பில் உள்ள மாணவரும் இதனை அறிவர்.

வினைமுற்றுகளைச் சற்று உற்று நோக்குங்கள். 'நான் வந்தேன்' என்று ஆணும் சொல்வான், பெண்ணும் சொல்வாள். 'நீ வந்தாய்' என்று இருபாலாரிடமும் கூறலாம். ஆனால் படர்க்கைக்குச் சென்றவுடன் 'வந்தான்', 'வந்தாள்' என்று வினையின் ஈற்றிலேயே பால் வெளிப்பட்டு விடுகிறது. அதாவது, ஒருவர் தம்மைப் பற்றித் தாமே பேசும்போது தமிழ் அவரை 'நீ ஆணா, பெண்ணா' என்று கேட்பதில்லை. பிறர் அவரைப் பற்றிப் பேசும்போதே கேட்கிறது. ஆங்கிலத்திலும் 'நான்' என்பதற்குப் பால் இல்லை. படர்க்கைப் பெயர்களில் மட்டுமே பால் தோன்றும். அம்மொழியில் வினைச்சொல் பால் காட்டாது.

இலக்கண விதி வாழ்க்கைக்குச் சட்டம் ஆகாது. ஆயினும் ஓர் உண்மையை விளக்க இது நல்ல எடுத்துக்காட்டாகும். ஒவ்வொரு மனிதனும் தன் உள்ளத்தில் தன்மையில் வாழ்கிறான். ஊர் அவனைப் படர்க்கையில் வைத்துப் பேசுகிறது. 'நான்' என்று உள்ளே உணர்வதற்கும், 'அவன் இப்படி', 'அவள் அப்படி' என்று வெளியே சொல்லப்படுவதற்கும் இடையே தோன்றும் முரணே அகப்போராட்டம்.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். வாழ்வை அகம், புறம் என இரண்டாகப் பகுத்தவர்கள், அகப்பாடலில் வரும் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று விதித்தனர். அகவுணர்வு ஒருவருக்கே உரியதன்று, எல்லார்க்கும் பொதுவானது என்பது அதன் கருத்தாகலாம். கபிலர் முதலிய ஆண்பாற் புலவர்கள் தலைவியாகவும் தோழியாகவும் நின்று பாடினர். மார்கழிக் காலையில் நம் ஆலயங்களில் ஓதப்படும் திருவெம்பாவை, மாணிக்கவாசகர் கன்னிப் பெண்களின் குரலில் அருளியது. பெண்ணின் 'நான்' என்னும் சொல்லை ஓர் ஆண் தன் வாயால் மொழிவதை நம் மரபு இழிவாகக் கருதியதில்லை.

மணமகளாக விளையாடிய சிறுவன்

முதலில் நாம் நோக்கவேண்டிய நூல் ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி போய்' (1994). ஆசிரியர் 1965 இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை தமிழர், தாய் சிங்களவர். 1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின் குடும்பத்துடன் கனடாவுக்குப் பெயர்ந்தவர். தலைப்பிலுள்ள ஆங்கிலச் சொல்லுக்குச் 'சிரிப்பூட்டுகின்ற' என்றும், 'வழமைக்கு மாறான' என்றும் இருபொருள் உண்டு. தன்னைப் பார்த்துப் பெரியவர்கள் அச்சொல்லைப் பயன்படுத்தும்போது எப்பொருளில் சொல்கிறார்கள் என்று விளங்காமல் கதைத்தலைவனாகிய சிறுவன் ஆர்ஜி திகைக்கிறான்.

நூல் ஆறு கதைகளாக அமைந்தது. ஆர்ஜியே தன்மையில் நின்று கதையைச் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டி வீட்டில் பேரப்பிள்ளைகள் கூடுகின்றனர். ஆண்பிள்ளைகள் வெளியே கிரிக்கெட் ஆடுவர். பெண்பிள்ளைகள் கலியாண விளையாட்டு விளையாடுவர். ஆர்ஜி பெண்பிள்ளைகளோடு சேர்ந்து, சேலை உடுத்து மணமகளாக நடிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறான். ஒருநாள் அத்தை ஒருத்தி அவனை அக்கோலத்திலேயே பிடித்திழுத்துப் பெரியவர்கள் கூடியிருக்கும் மண்டபத்தில் நிறுத்துகிறாள். சிலர் நகைக்கின்றனர். தந்தை சினந்து தாயைக் குறைகூறுகிறார். அன்று முதல் தாய் அலங்கரிக்கும் அறைக்கதவு அவனுக்கு அடைக்கப்படுகிறது. ஏன் என்று அவன் கேட்க, தாயிடம் விடையில்லை. தானே நம்பாத ஒரு காரணத்தைச் சொல்லித் தட்டிக்கழிக்கிறாள்.

இவ்விடத்தில் பெற்றோர் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். அத்தாய் கொடியவள் அல்லள். மகன்மேல் பேரன்பு கொண்டவள். ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சமே அவளைக் கதவடைக்கச் செய்கிறது. அச்சிறுவனோ தான் செய்த குற்றம் யாதென அறியாமலே குற்றவாளி ஆகிறான். ஆண்பிள்ளைகளின் உலகமும் அவனுக்கு உரியதாகவில்லை. பெண்பிள்ளைகளின் உலகமும் பறிக்கப்பட்டது.

பின்னர் ஆர்ஜி பதின்பருவம் அடைந்து, ஷெஹான் என்னும் சிங்கள மாணவன்மீது தான் கொண்டது வெறும் நட்பன்று, காதலே என்று உணர்கிறான். பிரித்தானியர் 1883 இல் இயற்றிய தண்டனைச் சட்டக் கோவையின்படி, இந்நூல் வெளிவந்த காலத்து இலங்கையில் அவ்வன்பின் வெளிப்பாடு குற்றமாகும். பாடசாலைப் பரிசளிப்பு விழாவில், ஆங்கிலேயர் காலப் பாடசாலைப் பெருமை பேசும் கவிதைகளை ஒப்புவிக்குமாறு அதிபர் அவனைப் பணிக்கிறார். அதிபரின் கொடுமைக்கு ஆளாகிய ஷெஹானுக்காக, மேடையில் அவன் அவற்றை வேண்டுமென்றே குழப்பி ஒப்புவிக்கிறான். அஞ்சி நின்ற சிறுவன் முதன்முறையாகத் தன் விருப்பப்படி செயலாற்றும் இடம் அதுவே.

இறுதிக் கதையில் 1983 ஆடி மாதம் வருகிறது. வீடு எரிகிறது; பாட்டனும் பாட்டியும் கொல்லப்படுகின்றனர்; குடும்பம் கனடாவுக்குப் புறப்படுகிறது. தமிழர் என்ற காரணத்தால் அக்குடும்பத்தை வெளியுலகம் ஒதுக்கியது. வழமைக்கு மாறானவன் என்ற காரணத்தால் அக்குடும்பமே தன் பிள்ளையை ஒதுக்கியது. இரண்டையும் ஒரே நூலில் அருகருகே வைத்தமையே செல்வதுரையின் சாதனை எனலாம். படர்க்கையில் வைத்து இழிவுபடுத்தப்படுவதன் வேதனையை அறிந்த நாமே அதனை நம் பிள்ளைக்குச் செய்யலாமா என்னும் வினா, நூலை மூடிய பின்னும் நம்மை விடுவதில்லை. 2020 இல் டீப்பா மேத்தா இக்கதையைத் திரைப்படமாக்கினார்.

உடன்பிறந்தோரை இழந்த மாணவி

இரண்டாவது நூல், அமெரிக்காவில் வாழும் வி. வி. கணேசானந்தன் எழுதிய 'பிரதர்லெஸ் நைட்'. 2023 இல் வெளிவந்து, 2024 இல் பிரித்தானியாவின் பெண்கள் புனைகதைப் பரிசைப் பெற்றது. கதை 1981 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. மருத்துவராக விரும்பும் சசி என்னும் மாணவிக்கு உடன்பிறந்த ஆண்கள் நால்வர். மூத்தவன் 1983 இல் கொழும்பில் கொல்லப்படுகிறான். வேறு இருவர் இயக்கத்தில் சேர்கின்றனர். அயல்வீட்டு நண்பனும் அவ்வழியே செல்கிறான்.

சசி ஆயுதம் ஏந்தவில்லை. காயமுற்ற போராளிகளுக்கு மருந்திடுகிறாள். உயிரைக் காப்பது மருத்துவக் கடமை. ஆயினும் அக்கடமை தன்னை எங்கே இட்டுச்செல்கிறது என்று ஒவ்வொரு கட்டத்திலும் தன்னையே வினவுகிறாள். அவளுடைய ஆசிரியராக வரும் அஞ்சலி என்னும் பாத்திரம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்து, 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வருள் ஒருவராக விளங்கி, 1989 செப்டெம்பர் 21 இல் சுட்டுக்கொல்லப்பட்ட ராஜினி திராணகமவை நினைவூட்டுவது.

போர்க்காலக் கதைகளில் பெண் பெரும்பாலும் அழுபவளாகவோ காத்திருப்பவளாகவோ காட்டப்படுவாள். இந்நூலில் அவள் சாட்சியாகவும் நீதி கேட்பவளாகவும் நிற்கிறாள். அரச படைகளின் கொடுமையையும், இந்தியப் படையின் கொடுமையையும், தன்னவர் செய்த பிழைகளையும் ஒரே நேர்மையுடன் கூறுகிறாள். அன்பு வேறு, நீதி வேறு என்று அவளால் பிரிக்க இயலவில்லை. தம்மவரை நேசித்துக்கொண்டே அவர்களைக் கேள்வி கேட்பவர் படும் துயரமே அவளது அகப்போராட்டம்.

இங்கே இலக்கணம் மீண்டும் துணைசெய்கிறது. சசி தன்மையில் பேசுவதோடு நில்லாமல், வாசகரை 'நீ' என்று முன்னிலையில் அழைத்துப் பேசுகிறாள். வெளியுலகம் ஓர் இளைஞனை ஒற்றைச் சொல்லால் முத்திரை குத்திவிடும். அவ்வாறு குத்தப்பட்டவன் ஒரு காலத்தில் தன் அண்டைவீட்டுப் பிள்ளை என்பதை அவள் அறிவாள். அதை நம்மையும் அறியச்செய்கிறாள். நம்மிற் பலர் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கும் காலம் அது. பிள்ளைகள் அதனை ஆங்கிலத்தில் வாசித்து அறியுமுன், நாமே தமிழில் சிறிதளவேனும் சொல்லி வைப்பது நலம்.

பெயர் மாற்றமும் 'நாம்' என்னும் சொல்லும்

அவுஸ்திரேலியாவுக்கு வருவோம். சிட்னி மக்குவாரிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கிய யஸ்மின் குணரத்ன, 1991 இல் 'எ சேஞ்ச் ஒஃப் ஸ்கைஸ்' என்னும் நாவலை வெளியிட்டார். அவர் தமிழர் அல்லர். ஆயினும் இங்கு குடியேறிய இலங்கையர் எல்லாருக்கும் பொதுவான ஒரு செய்தியை நகைச்சுவையுடன் சொன்னவர். பாரத், நவரஞ்சினி என்னும் தம்பதியர் இந்நாட்டாரின் நாவுக்கு எளிதாகும் பொருட்டுத் தம் பெயர்களைப் பரி, ஜீன் என்று மாற்றிக்கொள்கின்றனர். வாசிக்கையில் சிரிப்பு வரும். ஆனால் வகுப்பில் தன் பெயரை மும்முறை திருத்திச் சொல்லி அலுத்து, ஈற்றில் இரண்டெழுத்தாகச் சுருக்கிக்கொண்ட பிள்ளை எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று எண்ணும்போது சிரிப்பு அடங்கிவிடும்.

முப்பது ஆண்டுகளின் பின் இதே வினாவைச் சங்கரி சந்திரன் வேறு வகையில் எழுப்பினார். லண்டனில் பிறந்து, கன்பராவில் வளர்ந்து, சிட்னியில் வாழும் தமிழ்ப் பெண்மணி அவர், சட்டத்தரணி. அவரது 'சாய் டைம் அட் சினமன் கார்டன்ஸ்' 2022 இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு அவுஸ்திரேலியாவின் முதன்மை இலக்கிய விருதாகிய மைல்ஸ் பிராங்க்ளின் விருதைப் பெற்றது. கதை மேற்குச் சிட்னியில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் நிகழ்கிறது. அதனை நிறுவியவர்கள் போரிலிருந்து தப்பிவந்த மாயாவும் அவள் கணவனும்.

மாயா ஓர் எழுத்தாளர். தன் பெயரில் எழுதினால் ஏற்கப்படாதென்று கண்டு, வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் பெயரில் நாவல்கள் எழுதிப் புகழ் பெறுகிறார். புகழ் அந்தப் பெயருக்கு, உழைப்பு மாயாவுக்கு. பல ஆண்டுகளுக்கு முன் இல்லத்திலிருந்த கப்டன் குக்கின் சிலை அகற்றப்பட்டமை பின்னர் இனப்பாகுபாட்டு முறைப்பாடாகக் கிளப்பப்படுகிறது. அதன்பின், அமைதியாக இருந்த இல்லத்தின்மேல் வெறுப்பு பாய்கிறது. அவுஸ்திரேலியர் என்போர் யார், அதைத் தீர்மானிப்பவர் யார் என்பதே வழக்கு.

மாணவர்களே, ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான் உண்டு. தமிழில் இரண்டு உள. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்'. கேட்பவரை விலக்கினால் 'நாங்கள்'. யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் இவ்வேறுபாடு பெரிதும் பேணப்படுவதில்லை எனினும் எழுத்துத் தமிழில் அது இன்றும் உயிருடன் இருக்கிறது. 'நாம் அவுஸ்திரேலியர்' என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொல்லும்போது அது 'நாம்' ஆகுமா, 'நாங்கள்' ஆகுமா? சங்கரி சந்திரனின் நாவல் முழுவதும் இவ்வொரு வினாவையே கேட்கிறது எனலாம். இவ்வேறுபாட்டைச் சொல்லால் காட்டவல்ல மொழியைக் கற்ற பிள்ளை, அந்நாவலைப் பிறரினும் ஆழமாக உணரும்.

மேடையில் ஒலித்த தமிழ்

இறுதியாக ஒரு நாடகம். மேற்குச் சிட்னியில் வளர்ந்த எஸ். சக்திதரன் எழுதிய 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்' 2019 ஜனவரியில் சிட்னி நகர மண்டபத்தில் அரங்கேறியது. இடைவேளைகளுடன் மூன்றரை மணிநேரம் நிகழும் நாடகம். 2020 இல் விக்டோரிய இலக்கியப் பரிசைப் பெற்றது. 2024 இல் மெல்பேணிலும் நியூ யோர்க்கிலும் மேடையேறியது.

ராதா என்னும் தாயும் சித்தார்த்தன் என்னும் மகனும் ஜோர்ஜஸ் ஆற்றில் அம்மம்மாவின் அஸ்தியைக் கரைக்கும் காட்சியோடு நாடகம் தொடங்குகிறது. 1983 இல் கணவன் இறந்துவிட்டான் என்று நம்பி, கருவுற்ற நிலையில் இந்நாட்டுக்குத் தனியே வந்து மகனை வளர்த்தவள் ராதா. பழைய கதை எதையும் மகனுக்குச் சொல்வதில்லை என்று உறுதிபூண்டவள். 2004 இல் கொழும்பிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது: கணவன் உயிருடன் இருக்கிறான்.

தன்னந்தனியளாய்க் குடும்பத்தைத் தாங்கிய பெண்ணின் உறுதியையும், அவ்வுறுதியே அவளுக்கு விலங்கானமையையும் நாடகம் காட்டுகிறது. மகனோ தன் வரலாறு தெரியாமையினாலேயே தான் யார் என்று தெரியாது நிற்கிறான். மேடையில் தமிழும் சிங்களமும் பேசப்படும்போது, அருகில் நிற்கும் மற்றொரு நடிகர் அதனை உடனுக்குடன் ஆங்கிலத்தில் உரைக்கிறார். இந்நாட்டு அரங்கில் ஆங்கிலம் மட்டும் அறிந்தோர் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்க, தமிழ் அறிந்தோர் முதலிலேயே சிரித்தனர், முதலிலேயே கண்கலங்கினர். தமிழ் கற்பதன் பயனை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது.

வீட்டில் செய்யத்தக்கவை

இந்நூல்களிலிருந்து நாம் பெறத்தக்கது யாது? மெளனம் யாரையும் காப்பதில்லை என்பதே. ஆர்ஜியின் தாய் கதவை அடைத்தாள். ராதா கதையை அடைத்தாள். இருவரும் அன்பினாலேயே அவ்வாறு செய்தனர். ஆயினும் பிள்ளையின் நெஞ்சிலிருந்த வினா அழியவில்லை, தனித்துக் கிடந்தது.

பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ ஒருநாள் உங்கள் முன் வந்து, 'நான்' என்று தொடங்கி, நீங்கள் எதிர்பாராத ஒன்றைச் சொல்லக்கூடும். அது கல்வித் துறையைப் பற்றியதாக இருக்கலாம். காதலைப் பற்றியதாக இருக்கலாம். தன் பாலினத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம். அவ்வேளையில் ஊரார் பேசப்போகும் படர்க்கையை நினையாது, பிள்ளை பேசும் தன்மை வாக்கியத்தை முடிக்க விடுங்கள். உடனே விடை சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. முழுவதும் கேட்டுவிட்டு, 'நீ என் பிள்ளை' என்று முன்னிலையில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். விளக்கங்களுக்குப் பின்னர் காலம் உண்டு.

மாணவச் செல்வங்களே, மேற்கூறிய நூல்களுள் சில முதிர்ந்த வயதினர்க்கு உரியவை. பதினொராம், பன்னிரண்டாம் வகுப்பினர் அவற்றை எடுத்து வாசிக்கலாம், இளையோர் காத்திருக்கலாம். வாசிக்கும்போது ஒரு பக்கத்தையேனும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல் கிடைக்காது தடுமாறினால் அவர்களிடமே கேளுங்கள். அத்தடுமாற்றத்தின் நடுவே, நீங்கள் அறியாத அவர்களின் கதையொன்று வெளிவரலாம். அவர்கள் அறியாத உங்கள் கதையொன்றை நீங்களும் சொல்ல நேரலாம்.

ஆங்கிலம் நம் பிள்ளைகளைத் தமிழிலிருந்து பிரிக்கும் வாள் அன்று. நம்மவர் தம் நெஞ்சைத் திறந்து காட்டிய மற்றொரு வாயில் அது. அவ்வாயிலில் நின்று உள்ளே நோக்கினால் தெரிவது நம் வீடே. 'நான்' என்று துணிந்து சொல்லவும், பிறர் சொல்லும் 'நான்' என்பதைப் பொறுமையுடன் கேட்கவும், எல்லாரையும் சேர்த்து 'நாம்' என்று அழைக்கவும் நம் இளந்தலைமுறை கற்றுக்கொள்ளுமாயின், இத்தமிழ்ப் பாடசாலை தொடங்கப்பட்டதன் நோக்கம் நிறைவேறியதாகும்.